நடைவழி, அங்காடி, சோலை: இரும்புலியூரை முன்வைத்துப் பொதுவெளி அமைப்பு குறித்த ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீடு, கடை, பள்ளி, பணியிடம், நிழல்தரும் திறந்தவெளி ஆகியவை நடந்து சென்றடையும் தொலைவில் ஒருங்கே அமைந்த குடியிருப்புப் பகுதியை உருவாக்குவது இக்கால நகரமைப்பின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. இந்நோக்கத்தைத் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட இரும்புலியூரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரத்தின் நாளங்காடி, மணிமேகலையின் மலர்வனம், சோழர் காலக் கல்வெட்டுகள் சுட்டும் பொதுநிலங்கள் ஆகியவற்றின்வழிப் பெறப்படும் கருத்துகள் இன்றைய சட்ட விதிகளோடு ஒப்பிடப்படுகின்றன. திறந்தவெளியின் பரப்பளவைக் கொண்டு மட்டும் அதன் பொதுத்தன்மையை அளவிட இயலாது என்பதும், நுழைவுரிமை, அணுகும் வழி, அருகில் அமையும் தொழில்கள் ஆகிய மூன்றுமே அத்தன்மையைத் தீர்மானிக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாம்.

திறவுச்சொற்கள்: இரும்புலியூர், தாம்பரம், நாளங்காடி, மன்றம், புறம்போக்கு, கலப்புப் பயன்பாடு, திறந்தவெளி, ஏரிக்கரை.

முன்னுரை

தமிழிலக்கியத்தில் நகரமைப்பு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மதுரை, காவிரிப்பூம்பட்டினம், காஞ்சி ஆகிய பெருநகரங்களின் வருணனைகளைத் தொகுத்துரைப்பதோடு அமைகின்றன. அவ்வருணனைகள் வாழிடம் குறித்து எழுப்பும் வினாக்களை இன்றைய புறநகர் ஒன்றன்மீது பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் குறைவு. ஒரு சோலைக்குள் யார் நுழையலாம், அங்காடி எங்கு அமையவேண்டும், ஊரின் பொதுநிலத்தைப் பேணுவோர் யாவர் என்பன அவ்வினாக்களுள் தலையாயவை. சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில் பெருஞ்சாலைகளால் துண்டிக்கப்பட்டும் ஏரியைத் தன்னகத்தே கொண்டும் விளங்கும் இரும்புலியூர், இத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமான களமாகும்.

1. இரும்புலியூர்: பெயரும் அமைவிடமும்

இரும்புலியூர் என்னும் பெயரை இரும் + புலி + ஊர் எனப் பிரிக்க இலக்கணம் இடந்தருகிறது. ‘இரும்’ என்பது பெருமையையும் கருமையையும் உணர்த்தும் அடை. அருகிலுள்ள புலிக்கொரடு என்னும் பெயரும் புலி என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. சுற்றுப்புற ஊர்ப்பெயர்களுள் பல நிலத்தையும் நீரையும் அடிப்படையாகக் கொண்டவை. கடப்பேரியில் ஏரி என்னும் சொல்லும், வண்டலூரில் வண்டல் என்னும் சொல்லும் வெளிப்படையாகவே உள்ளன. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம் என்பன தொண்டைமண்டலத்தில் பரவலாக வழங்கும் ‘பாக்கம்’ என்னும் ஈற்றுச்சொல்லைக் கொண்டவை. ஏரிப்பாசனத்தைச் சார்ந்து வாழ்ந்த ஊர்களின் தொகுதியே பிற்காலத்தில் தாம்பரம் என்னும் நகரமாயிற்று என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

இம்மாற்றத்திற்கு இருப்புப்பாதை வழிவகுத்தது. 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி இயங்கத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 1964இல் தாம்பரம் நகராட்சி உருவானபோது கடப்பேரி, புலிக்கொரடு, சேலையூர் ஆகியவற்றோடு இரும்புலியூரும் அதில் அடங்கிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு, 70 வார்டுகளைக் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது.

இன்று ஜி.எஸ்.டி. சாலை, இருப்புப்பாதை, மதுரவாயல் நோக்கிச் செல்லும் சென்னைப் புறவழிச்சாலை ஆகிய மூன்றும் இரும்புலியூரை ஒட்டி நெருங்கி அமைந்துள்ளன. தொலைவிலுள்ள ஊர்களை இணைப்பதற்கென அமைந்த இவ்வழிகள் அண்மையிலுள்ள தெருக்களைப் பிரித்துவிடுகின்றன. கோயம்பேட்டிலிருந்து இரும்புலியூர் வரை ஊர்தியில் வருவது எளிது. சாலையின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு ஒரு முதியவர் நடந்து செல்வது அரிது. இம்முரணே இங்கு நகரமைப்பு எதிர்கொள்ள வேண்டிய முதற்சிக்கல்.

2. நாளங்காடி: சோலையும் கடையும் ஒன்றாதல்

குடியிருப்பு, வணிகம், பணியிடம் ஆகியவற்றைத் தனித்தனி மண்டலங்களாகப் பிரிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டு நகரமைப்புச் சட்டங்களின்வழிப் பரவியது. அம்முறைக்கு மாற்றாக இன்று முன்வைக்கப்படும் ‘கலப்புப் பயன்பாடு’ என்னும் கருத்துக்குத் தமிழிலக்கியத்தில் தெளிவான சான்றுகள் உள்ளன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, காவிரிப்பூம்பட்டினத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாகக் காட்டுகிறது. மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோர், பொற்கொல்லர், மீன் விற்போர், நறுமணப்பொருள் விற்போர் ஆகியோரின் இருக்கைகள் அடுத்தடுத்து அமைகின்றன.

இவ்விரு பாக்கங்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நாளங்காடி அமைந்திருந்தது. அவ்விடம் மரங்கள் நெருங்கிய சோலை. அங்கு நின்ற மரங்களே கடைகளுக்குத் தூண்களாயின. கட்டடம் எழுப்புவதற்காக மரங்கள் அகற்றப்படவில்லை என்பதும், நிழலும் வணிகமும் ஓரிடத்தையே பகிர்ந்துகொண்டன என்பதும் இதனால் பெறப்படும். மதுரைக்காஞ்சி பகலில் இயங்கும் நாளங்காடியோடு மாலையில் தொடங்கும் அல்லங்காடியையும் காட்டுகிறது. நாளின் வெவ்வேறு பொழுதுகளில் மக்கள் நடமாட்டம் ஓயாதிருந்தமை இதனால் விளங்குகிறது.

1961இல் வெளிவந்த நூலில் ஜேன் ஜேக்கப்ஸ், ஒரு நகர்ப்பகுதி உயிர்ப்புடன் இருப்பதற்குப் பயன்பாடுகளின் கலப்பும், குறுகிய நீளமுடைய தெருத்தொகுதிகளும், பழைய கட்டடங்களும், போதிய மக்கள் செறிவும் வேண்டும் எனக் கூறினார். கடைகளிலும் வீடுகளிலும் உள்ளோரின் இயல்பான பார்வையே தெருவுக்குக் காவலாகும் என்பது அவர்தம் கருத்து. இடைநிலத்துச் சோலையில் கொள்வோரும் கொடுப்போரும் நிறைந்திருந்த நாளங்காடியைக் காட்சிப்படுத்தும் இலக்கியச் சான்று, இக்கருத்தோடு ஒப்பிடத்தக்கது.

3. மலர்வனம்: நுழைவுரிமையும் பாதுகாப்பும்

சோலை இருப்பதும் அது பொதுவாய் இருப்பதும் வேறு வேறு என்பதை மணிமேகலை உணர்த்துகிறது. மலர்வனம் புக்க காதையில், மலர் பறிக்கச் செல்லவேண்டிய மணிமேகலைக்கு உகந்த இடம் எது என்னும் வினா எழுகிறது. இலவந்திகையில் அரசனைச் சார்ந்தோர் இருப்பர். உய்யானம் தேவர்க்குரியது என அறிந்தோர் அங்குச் செல்வதில்லை. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவல் உடையன. எஞ்சிய உவவனமே செல்லத்தக்கதாகத் தேர்ந்துகொள்ளப்படுகிறது. நகரில் சோலைகள் பல இருந்தும் பெண்ணொருத்தி தடையின்றிச் செல்லத்தக்கது ஒன்றே ஆயிற்று. அங்கும் உதயகுமரன் பின்தொடர்ந்து வர, அவள் பளிக்கறையுள் புகுந்து ஒளிய நேர்கிறது. நுழைய முடிந்த சோலையும் பாதுகாப்பான சோலையாய் இல்லை என்பது காப்பியம் தரும் செய்தி.

இப்பகுப்பைத் தாம்பரம் வட்டாரத்தின் பசுமைப் பரப்புகளோடு ஒப்பிடலாம். புதர்க்காட்டைப் பேணிவரும் கிறித்தவக் கல்லூரி வளாகம் 300 ஏக்கருக்கு மேற்பட்டது. அது கல்வி நிறுவனத்திற்குரியது. விமானப்படைத் தளம் பாதுகாப்புத் துறைக்குரியது. 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஏறத்தாழ 600 எக்டேர் பரப்புடையது. கட்டணம் செலுத்துவோர் அதனுள் செல்லலாம். காப்புக்காடுகள் வனத்துறையின் காவலில் உள்ளன. இக்கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றிற்கும் தக்க காரணம் உண்டு. ஆயினும் வான்வழிப் படத்தில் பசுமையாகத் தோன்றும் இவ்வட்டாரத்தில், மாலையில் ஒரு சிறுமியோ முதியவரோ அனுமதியும் கட்டணமும் இன்றிச் சென்று அமரத்தக்க பெரும்பரப்பு மிகக் குறைவு. அவ்வாறு எஞ்சி நிற்பது ஏரிக்கரையே. இரும்புலியூர் ஏரியின் கரை இந்நோக்கில் இக்காலத்தின் உவவனம் எனலாம்.

4. மன்றம்: பொதுமையும் அதன் எல்லையும்

பழந்தமிழ் ஊரமைப்பில் மன்றமும் பொதியிலும் மக்கள் கூடும் மரத்தடிப் பொதுவிடங்கள். மரம், வழக்கு, கூத்து, உரையாடல் ஆகிய அனைத்தும் அங்கு ஒன்றுகூடின. எனினும் அவ்வமைப்பை முழுதும் முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது. சங்க நூல்களில் குடியிருப்புப் பகுதியைக் குறித்த ‘சேரி’ என்னும் சொல் பிற்காலத்தில் ஒதுக்கப்பட்டோர் வாழிடத்தைக் குறிப்பதாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் இறையிலி நிலங்களாகக் குறிக்கின்றன. பொதுநிலங்கள் வரியினின்று விலக்கப்பட்டுப் பேணப்பட்டமைக்கு இக்கல்வெட்டுகள் சான்றாகின்றன. மனிதரைப் பிரித்து வைத்தமைக்கும் இவையே சான்றாகின்றன.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் இத்தகையனவே. முதற்பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழித் தேர்ந்தெடுத்த முறையை விரிக்கின்றன. நீர்நிலைக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியம் அமைந்தமை போற்றத்தக்கது. ஆனால் அவ்வுரிமை நிலமும் வேதக்கல்வியும் உடைய பிரமதேயத்து ஆடவர்க்கே உரியதாயிற்று. எனவே பழைய அமைப்பிலிருந்து கொள்ளத்தக்கது பேணும் முறை. தள்ளத்தக்கது விலக்கும் எல்லை. மணிமேகலையில் வரும் உலகவறவி இதற்கு மாற்றுக் காட்சியைத் தருகிறது. பசித்தோரும் உடற்குறையுற்றோரும் வந்தடையும் அவ்வம்பலமே ‘பொது’ என்னும் சொல்லின் முழுப்பொருளுக்கு அண்மையில் நிற்கிறது.

5. புறம்போக்கு: ஒரு சொல்லின் வீழ்ச்சி

நிலவரித் திட்டப் பதிவேடுகளில் புறம்போக்கு என்பது வரிவிதிப்புக்குப் புறம்பான பொதுநிலத்தைக் குறிக்கும். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், களம், மந்தைவெளி, சுடுகாடு, பாதை ஆகியன இதில் அடங்கும். ஊரார் அனைவரும் பயன்கொண்ட நிலத்தைக் குறித்த இச்சொல், பேச்சுவழக்கில் பயனற்றதையும் பயனற்றவரையும் இகழும் வசைச்சொல்லாக மாறியது. வருவாய் தராத நிலம் வீண்நிலம் என்னும் எண்ணம் வலுப்பெற்றதன் அடையாளமாக இப்பொருள் இழிபைக் கருதலாம். வேளாண்மை மறைந்து மனைப்பிரிவுகள் பெருகியபோது ஏரியின் நீர்ப்பரப்பு ஒருவாறு கண்ணுக்குத் தெரிந்தது. வரத்துக்கால்வாயும் கலங்கலும் போக்குக்கால்வாயும் அவ்வாறு தெரியவில்லை.

இதன் விளைவு 2015 திசம்பர் வெள்ளத்தில் வெளிப்பட்டது. தாம்பரத்தின் மேற்கிலுள்ள முடிச்சூர்ப் பகுதியில் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. இவ்வட்டாரத்தின் மேற்குப்பகுதி நீர் அடையாற்றுக்கும், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் முதலிய கிழக்குப்பகுதி ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கும் செல்கின்றன. எனவே இங்குத் திறந்தவெளி என்பது உலாவும் இடம் மட்டுமன்று. நீர் நிற்கவும் செல்லவும் வேண்டிய இடமுமாகும். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

6. இக்கால முன்மாதிரிகளும் மாம்பலத்தின் படிப்பினையும்

1929இல் கிளாரன்சு பெர்ரி நியூயார்க் வட்டாரத் திட்டத்திற்காக ‘அண்டையக அலகு’ என்னும் கருத்தை வகுத்தார். நடுவில் பள்ளி, கால் மைல் அளவான நடைத்தொலைவு, எல்லையில் பெருஞ்சாலையும் கடைகளும், பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி என்பன அதன் கூறுகள். அதற்கு முன்னரே, 1914-15இல் சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்த பாட்ரிக் கெடிசு, அகன்ற சாலைக்காகப் பழைய தெருக்களை முற்றாக இடிக்கும் முறையை எதிர்த்தார். இன்றியமையாத இடங்களில் மட்டும் சிறு திறப்புகளை உண்டாக்கி, அவற்றில் மரம் நட்டு, இருக்கும் ஊரைக் காத்துச் சீரமைக்கும் வழியை அவர் முன்மொழிந்தார். வெற்றுநிலத்தில் புதிதாக எழுப்பும் நகருக்குப் பெர்ரியின் வரைவு பொருந்தும்; ஏற்கெனவே நெருங்கிவிட்ட இரும்புலியூருக்குக் கெடிசின் முறையே ஏற்றது.

சென்னையில் நடைபோட்டுத் துய்க்கத்தக்க கலப்புப் பயன்பாட்டுப் பகுதிக்கு அண்மைச் சான்று தியாகராய நகர். 1920களில் மாம்பலத்தில் அமைக்கப்பட்ட இந்நகரில் பனகல் பூங்கா நடுவிடமாக அமைய, சாலைகள் அதனின்று பிரிந்து சென்றன. வீடுகளும் கடைகளும் பூங்காக்களும் அருகருகே வளர்ந்தன. 2019 நவம்பரில் பாண்டி பசாரில் நடப்போருக்கான அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. ஆனால் இந்நகர் நெடிய ஏரியின் நீர்ப்பரப்பைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் எழுந்தது. பூங்காவைப் பெறுவதற்கு ஏரியை இழந்தமை மாம்பலத்தின் வரலாறு. ஏரியையே பூங்காவாகப் பேணும் வாய்ப்பு இரும்புலியூருக்கு இன்னும் உள்ளது.

7. விதியின் கணக்கும் அதன் இடைவெளியும்

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் நிலப்பயன் வகைப்பாட்டில் ‘கலப்புக் குடியிருப்பு’ மண்டலமும் இடம்பெற்றுள்ளது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்படவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான பரப்புக்கு நிலத்திற்கு ஈடாகப் பணம் செலுத்தலாம். 3,000 சதுர மீட்டருக்குட்பட்ட பரப்புக்கு ஒதுக்கீடு தேவையில்லை.

இக்கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. தலா 2,900 சதுர மீட்டருடைய பத்து மனைப்பிரிவுகள் அடுத்தடுத்து உருவானால், 29,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரு சதுர மீட்டரும் பொதுவெளியாகக் கிடைக்காது. சிறுசிறு மனைப்பிரிவுகளால் வளரும் புறநகருக்கு இவ்விதி போதாமையுடையது. ஈடாகப் பெறும் பணத்தை அதே நடைத்தொலைவுக்குள் நிலமாக மாற்றும் கடப்பாடு இருந்தால் மட்டுமே குறை தீரும்.

பரப்பளவுக் கணக்கும் கருதத்தக்கது. ஐந்து நிமிட நடைக்குரிய 400 மீட்டர் ஆரமுடைய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 எக்டேர். அதனுள் 10,000 பேர் வாழ்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டின் நடுவணரசு நகரமைப்பு வழிகாட்டி நெறி. அதன்படி 10 எக்டேருக்குக் குறையாத பரப்பு, அதாவது மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேவைப்படும். பூங்காக்களால் மட்டும் இத்தேவை நிறைவுறாது. ஏரிக்கரை, பள்ளி விளையாட்டிடம், கோயிற்குளம், நிழற்சாலை ஆகியவற்றை ஒரே வலைப்பின்னலாகக் கருதும்போதே இவ்வளவை நெருங்க இயலும்.

8. இரும்புலியூருக்குரிய அமைப்பு நெறிகள்

மேற்கண்ட ஆய்வினின்று ஐந்து நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கடக்கும் வழி. பெருஞ்சாலைகளாலும் இருப்புப்பாதையாலும் பிரிந்த தெருக்களை இணைக்காமல் உட்தெருக்களை மட்டும் அழகுபடுத்துவது பயன்தராது. படியேற இயலாதோரும் சக்கரநாற்காலியில் வருவோரும் கடக்கத்தக்கனவாக இணைப்புகள் அமையவேண்டும். பேருந்து நிறுத்தங்கள் இவ்விணைப்புகளின் வாயிலிலேயே இருத்தல் நன்று.

இரண்டாவது, தொடர்ச்சியான நடைபாதை. இந்திய சாலைப் பேரவையின் நெறிப்படி நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது; உயரம் 15 சென்டிமீட்டரை மிகலாகாது. மின்மாற்றி, விளம்பரப் பலகை, ஊர்தி நிறுத்தம் ஆகியவை இவ்வகலத்திற்குப் புறத்தே அமைதல் வேண்டும். புங்கை, வேம்பு, பூவரசு முதலிய இம்மண்ணுக்குரிய மரங்கள் நண்பகலிலும் நடையை இயல்விக்கும். சென்னை வெயிலில் நிழலற்ற நடைபாதை பெயரளவிலான நடைபாதையே.

மூன்றாவது, அங்காடி. கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளத்தில் வீடும் அமைவதைப் பேருந்துச் சாலைகளிலும் ஏரியை நோக்கிய தெருக்களிலும் ஊக்குவிக்கலாம். பூ, காய்கனி, சிற்றுண்டி விற்போரைத் தடையாகக் கருதாமல் அமைப்பின் உறுப்பாகக் கொள்ளவேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரையிலான வணிகர்க்கு இடமளிக்க வழிசெய்கிறது. ஏரிக்கரையின் வாயிலில் இவர்தம் கடைகள் அமையும்போது மாலைப்பொழுதில் பெண்கள் அச்சமின்றி நடமாடுதற்கு அவையே துணையாகும்.

நான்காவது, ஏரிக்கரை. கரையை அகலப்படுத்தும் நோக்கில் நீர்ப்பரப்பைக் குறைத்தலும் கரையைச் சிமென்டால் மூடுதலும் தவிர்க்கப்படவேண்டும். நடைபாதை நீர்கசியும் தன்மையதாய் இருத்தல் நன்று. கலங்கல், மதகு, கால்வாய் ஆகியவற்றின் எல்லைகள் நிலத்தில் அடையாளமிடப்படவேண்டும். கழிவுநீர் கலப்பதை நிறுத்தாமல் இருக்கைகளும் விளக்குகளும் அமைப்பது வீண்.

ஐந்தாவது, பேணும் குழு. 2022இல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் நடந்த பகுதி சபைக் கூட்டங்களுள் ஒன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் பங்கேற்க நிகழ்ந்தது. இச்சபைகளின்கீழ் ஏரிக்கும் திறந்தவெளிக்கும் உரிய துணைக்குழுக்கள் அமையலாம். வாடகைக்குக் குடியிருப்போர், தெருவோர வணிகர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அவற்றில் இடம்பெற்றால், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பழைய விலக்கு எல்லைகள் நீங்கி மீண்டும் உருப்பெற்றன எனக் கொள்ளலாம்.

முடிவுரை

நாளங்காடி, சோலையும் வணிகமும் ஒன்றையொன்று தாங்குவதைக் காட்டுகிறது. மலர்வனம், நுழைவுரிமையும் பாதுகாப்பும் இல்லாத பசுமை பொதுவாகாது என்பதை உணர்த்துகிறது. கல்வெட்டுகள், பொதுநிலத்தைப் பேணும் முறையோடு மனிதரை விலக்கிய வழக்கையும் பதிவு செய்துள்ளன. இம்மூன்றையும் ஒருசேர நோக்கும்போது, வரைபடத்தில் பச்சை வண்ணமிட்ட பரப்பின் அளவைக் காட்டிலும் அதனைச் சென்றடைவோர் யாவர் என்னும் வினாவே முதன்மை பெறுகிறது. இரும்புலியூரில் ஏரி உண்டு, கடைகள் உண்டு, மக்கள் உண்டு. இம்மூன்றையும் இணைக்கும் நடைவழியே இல்லை. வீட்டிலிருந்து புறப்படும் சிறுமியொருத்தி, பெருஞ்சாலையைத் தனியே கடந்து, கடைகளின் ஓரமாக நடந்து, ஏரிக்கரையை அடைந்து இருட்டுமுன் வீடு திரும்ப இயலுமாயின், அப்பகுதியின் அமைப்பு நிறைவுற்றது எனத் துணியலாம்.